துளசி மாடத்தை வலம் வந்த ஆமை

1. கைது

"ஆமையைக் கைது பண்ண வந்தவங்க நீங்கதானா?"

கனகவல்லி என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டே, உதட்டில் கவ்விய குண்டூசியையும் எடுக்காமல் கேட்டார். நான் யூனிபார்மில் வாசலில் நிற்கிறேன். தெருமுனையில் ஜீப் நிற்கிறது. எதிர்வீட்டு மாடியில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் சந்தனக் கட்டை கடத்துகிறவன் முன்னால்கூட நான் அப்படி அசடு வழிந்து நின்றதில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் திருவண்ணாமலையில் ஃபாரஸ்டராக இருந்து போன வருஷம் ரிடையர் ஆனவள். காகிதத்தில் வனவர் என்று எழுதுவார்கள். ஃபாரஸ்ட் கார்டாகச் சேர்ந்து படியேறி வந்தேன். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் பாம்பைத் தாண்டித் தாண்டி வளர்ந்ததால் ஊர்வன என்றால் எனக்குப் பயம் கிடையாது, பக்தியும் கிடையாது. கோபம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அதை ரேஞ்ச் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எனக்கு போன் போட்டுக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மேடம், வீட்ல வளர்க்கிற நட்சத்திர ஆமை பெட்டா, வைல்டு லைஃபா?" ஒரே வரியில் பதில் இருக்கிறது. வைல்டு லைஃப். வன உயிர்ச் சட்டத்தில் புலி எந்த ஷெட்யூலில், அதாவது அட்டவணையில், இருக்கிறதோ அதே முதல் ஷெட்யூலில் நட்சத்திர ஆமையும் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் கேஸ், ஜெயில். இதைத் தெரிந்துகொள்ள என்னிடம் கேட்க வேண்டியதில்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரிப் பதிலை எடுத்துக்கொண்டு கனகவல்லி வீட்டுக்குப் போனவள் நான். போய் எப்படி முழி பிதுங்கினேன் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2. வீடியோ

அன்று காலை வேங்கிக்காலில் இருக்கும் ஆபீஸுக்குள் நுழைந்ததுமே ரேஞ்சர் சார் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், கெட்டிக்காரர், எல்லாவற்றையும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் அவருக்கு. செல்போனை என் பக்கம் திருப்பி ஒரு வீடியோவைக் காட்டினார். ஒரு வீட்டு முற்றம், நடுவில் துளசி மாடம். ஓட்டின்மேல் குங்குமம் வைத்த ஒரு நட்சத்திர ஆமை அதைச் சுற்றி மெதுவாக நடந்துபோகிறது. பின்னணியில் பக்திப் பாட்டு. கிரிவலம் வரும் ஆமை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நம் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மலையைச் சுற்றி வர எங்கெங்கிருந்தோ ஜனம் வருகிற ஊர் இது. இங்கே ஒரு ஆமை தானாக வலம் வருகிறது என்றால் விடுவார்களா? அதற்கு முந்தைய பௌர்ணமிக்கு அந்த வீட்டு வாசலில் வரிசை நின்றிருக்கிறது. அதைப் பார்த்து யாரோ பெயர் சொல்லாமல் கம்ப்ளைன்ட் கொடுத்துவிட்டார்கள்.

"மேடம், போய் மகஜர் போட்டு எடுத்துட்டு வந்துடுங்க. மதியத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்றார் ரேஞ்சர். மகஜர் என்றால் கைப்பற்றும்போது சாட்சி வைத்து எழுதும் பத்திரம். அது எழுதிவிட்டால் கேஸ் கேஸ்தான், பிறகு நானே நினைத்தாலும் பின்வாங்க முடியாது.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எங்கள் ஆபீஸுக்கு வரும் போன்களில் பாதி பாம்புக்காக வருவது. பாத்ரூமில் சாரைப்பாம்பு வந்தால் போதும், "உங்க பாம்பை வந்து எடுத்துட்டுப் போங்க" என்பார்கள், ஏதோ நான்தான் அவிழ்த்து விட்ட மாதிரி. அதே ஆள் வீட்டுத் தொட்டியில் குளத்தில் பிடித்த பாலாமை ஒன்று கிடக்கும். அதைக் கேட்டால் "இது எங்க வீட்டுதுங்க" என்பார். பயந்தால் சர்க்காருடையது, பிடித்துப்போனால் வீட்டுடையது. நானும் வருஷக்கணக்காக இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

3. முற்றம்

கனகவல்லிக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவர் வீட்டுக்காரர் ஏழுமலை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரே பையன், ஓசூரில் கம்பெனி வேலை. ஆமையின் பெயர் பௌர்ணமி.

பெயர்க் காரணத்தை ஏழுமலைதான் சொன்னார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமியன்று, கிரிவலப் பாதையில் அத்தனை கால்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவே உள்ளங்கை அளவுக் குட்டி ஒன்று ரோட்டைக் கடந்துகொண்டிருந்ததாம். நசுங்கிவிடுமே என்று பதறித் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "ஓரமா புதர்ல வுட்டிருக்கலாம் மேடம். அன்னிக்கு அது தோணல" என்றார். அவர் பேச்சில் பொய் இல்லை.

நான் சட்டத்தைச் சொன்னேன். இது வீட்டுப் பிராணி இல்லை, வன உயிரினம், சட்டப்படி சர்க்கார் சொத்து என்றேன். அப்போதுதான் கனகவல்லி மெஷினை நிறுத்தினார்.

"சர்க்கார் சொத்தா? பதினெட்டு வருஷமா இதுக்கு ஒரு கீரைத்தண்டு வாங்கிக் குடுத்துதாங்க உங்க சர்க்காரு?"

இதற்கான பதிலை இன்றைக்கு வரை எந்த சர்க்குலரிலும் நான் பார்க்கவில்லை.

அவர் விடவில்லை. நாய் வளர்க்கலாம், பூனை வளர்க்கலாம், வெளிநாட்டிலிருந்து வந்த சிவப்புக் காது ஆமையைக் கண்ணாடித் தொட்டியில் போட்டுக் கடையில் விற்கிறார்கள், அதைக் கேட்க நாதியில்லை, இந்த மண்ணில் பிறந்த ஆமையை இந்த மண்ணில் பிறந்தவள் வளர்த்தால் மட்டும் குற்றமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் சொன்னேன்: நாய் தலைமுறை தலைமுறையாக மனுஷனோடு வாழ்ந்து மனுஷனுக்காகவே மாறிப்போன பிராணி. கதவைத் திறந்து விட்டாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும். ஆமை அப்படி மாறவில்லை. நாலு சுவருக்குள் இருக்கிற காட்டு ஜீவன், அவ்வளவுதான்.

"கூப்பிட்டா வருதே" என்றார். ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து விரலால் தட்டி, "பௌர்ணமி" என்று குரல் கொடுத்தார். செம்பருத்திச் செடிக்கு அடியிலிருந்து அது ஆடி அசைந்து வந்தது. எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஏழுமலை, "தட்டு சத்தத்துக்கு வரும் மேடம். யாரு தட்டுனாலும் வரும்" என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி பார்த்த பார்வையில் மனுஷன் அப்படியே ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார்.

இட்லித் துண்டைத் தின்றுவிட்டு ஆமை நடக்க ஆரம்பித்தது. வீடியோவில் பார்த்த அதே நடை. கனகவல்லிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க. ஒரு நாள் தவறினதில்ல. ஒரு நாள்கூட இடப்பக்கமா சுத்தினதில்ல. வலம்தான். இதையா காட்டு ஜீவன்னு சொல்றீங்க?"

நான் நின்று பார்த்தேன். கிரிவலம் போகிறவர்கள் கண்ணுக்கு நடுவில் இருக்கும் துளசி மாடம்தான் தெரியும். காட்டில் பீட் சுற்றி வந்த பழக்கமோ என்னவோ, எனக்குக் கண் ஓரத்துக்குப் போனது. முற்றத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நாலு பக்கச் சுவரிலும், விட்டுப்போகாமல் ஒரு கோடு மாதிரி சுண்ணாம்பு தேய்ந்து செங்கல் தெரிந்தது. ஆமை ஓட்டின் உயரம். அது துளசியைச் சுற்றவில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறது.

வாசல் கேட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். ஆமை வெளியே போய்விடக் கூடாது என்று கேட்டின் அடியில் ஒரு தகரத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்தத் தகரம் முழுக்க நகக் கீறல். பழைய கீறல்மேல் புதுக் கீறல், அதன்மேல் இன்னும் புதுசு.

கனகவல்லியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதைச் சொல்ல வேண்டாம் என்று ஒரு மனசு சொன்னது. சொல்லிவிட்டேன்.

"அம்மா, இது வலம் வரல. வழி தேடுது."

அவர் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து ஒரு கீறலை விரலால் தடவிப் பார்த்தார். விரலை எடுக்காமலே, "அப்ப ஏன் ஒரு நாளும் எதிர்ப்பக்கமா போகல?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

4. டாக்டர்

அன்று மகஜர் எழுதவில்லை. டாக்டர் பார்க்காமல் இடம் மாற்றினால் உயிருக்கு ஆபத்து என்று ரேஞ்சரிடம் சொன்னேன். அது உண்மைதான். அதைவிட, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் வாசலில் நிற்க வைத்து ஊர் பார்க்க எழுதிக்கொண்டிருக்க எனக்கு மனசில்லை என்பதும் உண்மை. ரேஞ்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் இரண்டு நாள் கொடுத்தார்.

கிளம்பும் முன் கனகவல்லியிடம் ஒளிக்காமல் சொன்னேன். நீங்களாகவே ஆபீஸில் கொண்டுவந்து ஒப்படைத்தால், ரோட்டில் நசுங்காமல் காப்பாற்றி வளர்த்தது என்ற விஷயத்தை மேலே சொல்லி, கேஸ் இல்லாமல் பார்க்க வழி உண்டு. ஒளித்து வைத்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஏழுமலை தயங்கித் தயங்கி, மச்சான் வீட்டில் பெரிய தோட்டம் இருக்கிறது, கொஞ்ச நாள் அங்கே என்று ஆரம்பித்தார். கனகவல்லி அவரை வாயை மூடச் சொன்னார். "திருட்டுப் பொருளா அது, ஒளிச்சு வைக்க?" என்றார். அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

மறுநாள் நசீமா டாக்டரை அழைத்துப் போனேன். கால்நடை டாக்டர், இந்த ஊர்ப் பெண், அப்பா கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். மாட்டுக்கு ஊசி போட்ட கையோடு வந்து ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண் ஆமை என்றார். நட்சத்திர ஆமை ஓட்டில் மேடு பள்ளம் லேசாக இருக்கும், இது பணியாரச் சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி முட்டி முட்டி நிற்கிறது, என்ன சாப்பாடு என்று கேட்டார். இட்லி, தயிர்சாதம், வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் என்று கனகவல்லி பெருமையாகச் சொன்னார்.

"நான் ஒரு நாளும் பட்டினி போட்டதில்லீங்க" என்றார்.

"தெரியுதும்மா. பாசத்துல போட்டதுதான் ஓட்டுல ஏறியிருக்கு" என்றார் டாக்டர். புல்லும் செடியும் தின்று வாழும் உடம்புக்கு அரிசிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, வந்த மேடு இனிப் போகாது, இதற்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுமையாக விளக்கினார். கூடவே, குறை சொல்லிவிட்டோமே என்று நினைத்தாரோ என்னவோ, நல்ல விஷயம் ஒன்றையும் சொன்னார். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, நல்ல திடம், இன்னும் முப்பது நாற்பது வருஷம் தாராளமாக இருக்கும்.

கனகவல்லி அதைக் கேட்டு சந்தோஷப்படவில்லை. நிமிர்ந்து ஏழுமலையைப் பார்த்தார். தன் வயதோடு நாற்பதைக் கூட்டிப் பார்த்திருப்பார். ஓசூரில் பையன் இருப்பது இரண்டாவது மாடி, நாலு எட்டு வைத்தால் சுவர்.

"எனக்கு அப்புறம் இது யார் வீட்டு சுவத்தைத் தேய்ச்சிக்கிட்டிருக்கும்?" என்று கேட்டார். எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை.

நான் சட்டம் பேசி ஒரு அங்குலம் நகராதவர், அதற்கு மறுநாள் காலையில் ஏழுமலையின் ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் பழைய துணிக்கூடை, அதற்குள் பௌர்ணமி. ஓட்டிலிருந்த குங்குமத்தைத் துடைத்திருந்தார். எழுத வேண்டியதை எழுதினோம். கேஸ் வராது என்று மேலிடத்தில் கேட்டுச் சொன்னபோது ஏழுமலை கும்பிட்டார். கனகவல்லி வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போனார்.

5. எவிடென்ஸ்

காப்புக்காட்டை ஒட்டி எங்கள் மரக்கன்று நர்சரி இருக்கிறது. அங்கே ஒரு மூலையில் புதரும் பாறையுமாக இருந்த இடத்தை வலை போட்டு வளைத்தோம். ஒரேயடியாகக் காட்டில் விட்டால் தின்னத் தெரியாமல் செத்துவிடும், நோய் இருந்தால் அங்கே இருக்கும் ஆமைகளுக்கும் பரவிவிடும், ரத்தப் பரிசோதனை முடிந்து பழகட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆமை தின்னவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. வாரம் ஓடிவிட்டது. கீரை போட்டோம், சப்பாத்திக்கள்ளிப் பழம் போட்டோம், செம்பருத்திப் பூ போட்டோம். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தது. யாரு தட்டினாலும் வரும் என்று ஏழுமலை சொன்னதை நம்பி நானே ஒரு தட்டை எடுத்துத் தட்டினேன். அசையவில்லை. வழி தேடுகிறது, காட்டு ஜீவன் என்றெல்லாம் பேசி வாங்கிக்கொண்டு வந்துவிட்டு, என் கையில் செத்துப்போனால் அந்த அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்?

கனகவல்லிக்கு போன் செய்தேன். அடுத்த அரை மணியில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. வழியில் ஏறியிருந்த சவாரிகளையும் சேர்த்தே கூட்டி வந்துவிட்டார் ஏழுமலை. கனகவல்லி தன் வீட்டு எவர்சில்வர் தட்டைத் தட்டி ஒரு குரல் கொடுத்தார். ஆமை தலையை நீட்டியது, எழுந்தது, வந்து கீரையைத் தின்றது. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். குரலுக்கு வந்ததா, அந்தத் தட்டுக்கு வந்ததா என்பதை இன்று வரை எங்களால் முடிவு கட்ட முடியவில்லை.

இதைக் கேள்விப்பட்டு ரேஞ்சர் சார் குதித்தார். "மேடம், அக்யூஸ்டே வந்து எவிடென்ஸுக்கு சாப்பாடு போடுறதா?"

"கேஸே இல்லியே சார், அப்புறம் ஏது அக்யூஸ்டு? எவிடென்ஸ் செத்துப்போச்சுன்னா மேல யார் சார் பதில் சொல்றது?" என்றேன். ரேஞ்சர் அந்த அம்மாவுக்கு நர்சரியில் உட்கார ஒரு நாற்காலி போடச் சொன்னார். நல்ல மனுஷன்தான், அவசரக்காரர், அவ்வளவே.

டாக்டர் ஒரு வழிமுறை சொல்லிக்கொடுத்தார். முதலில் தட்டில் கீரை. அப்புறம் தட்டைத் தட்டாமல் கீரை. அப்புறம் தட்டே இல்லாமல் தரையில். கடைசியில் புதருக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக, அதுவாகத் தேடித் தின்னும்படி. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. போகப் போக ஆளே கண்ணில் படக் கூடாது. சுருக்கமாகச் சொன்னால், பதினெட்டு வருஷம் பழக்கியதை அந்த அம்மாவே உட்கார்ந்து பழக்கம் விடுவிக்க வேண்டும். வேறு யாராலும் முடியாது, ஏனென்றால் வேறு யார் கையிலும் அது தின்னவில்லை.

இதைக் கேட்டதும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். "என்னை மறக்க வெக்கிறதுக்கு நானே வரணுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, நாளைக்கு எத்தனை மணிக்கு வர என்றார்.

மாசக்கணக்கில் வந்தார். தைக்க வந்த ஜாக்கெட்டுகளை எடுத்து வந்து, வலைக்கு அந்தப் பக்கம் நாற்று ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கொக்கி வைப்பார், காஜா எடுப்பார். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் ஆமை தெரியும், ஆமைக்கு அவர் தெரியமாட்டார். நான் ரவுண்ட்ஸ் முடித்துப் போய் உட்கார்ந்து கதை பேசுவேன். என் யூனிபார்ம் சட்டை தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, எந்தப் பாவி தைத்தது என்று ஒரு நாள் கேட்டு, கழற்றி வாங்கிப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். சர்வீஸில் முதல் தடவையாக எனக்கு ஒழுங்காகப் பொருந்திய யூனிபார்ம் அதுதான். ரிடையர் ஆன அன்றைக்கும் அதையே போட்டுக்கொண்டேன்.

முதல் மழை பெய்து புதரெல்லாம் துளிர்த்தபோது ஒரு மாற்றம் வந்தது. நாங்கள் போட்ட கீரை போட்ட இடத்திலேயே வாடிக் கிடந்தது. ஆமையைக் காணோம் என்று பதறித் தேடினால், பாறைக்குப் பின்னால் யாரும் போடாத புல்லை அதுவாகப் பறித்துத் தின்றுகொண்டிருந்தது. கனகவல்லியைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பார்த்தார். பெயர் வாயில் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போகும்போது, சந்தோஷமாக இருக்கிறது, அழுகையும் வருகிறது, இரண்டும் ஒன்றாக வருமா மேடம் என்று கேட்டார். வரும் என்றேன். எனக்கும் வந்திருந்தது.

சுற்றுவதை மட்டும் அது நிறுத்தவில்லை. தினமும் வலையை ஒட்டி, வலைப் பக்கம் இடது தோள் உரசும்படி, அதே நடை.

6. திறப்பு

ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. மேலிடத்திலிருந்து அனுமதியும் வந்தது. வலையில் காட்டைப் பார்த்த பக்கம் ஒரு ஆள் புகும் அளவுக்குத் திறந்துவிடுவது, அதுவாகப் போனால் போகட்டும், பிடித்துக்கொண்டுபோய் விட வேண்டாம் என்பது டாக்டரின் யோசனை. ஒரு நாள் காலையில் எல்லோரும் நாற்று ஷெட்டுக்குப் பின்னால் கூடினோம். ரேஞ்சர், டாக்டர், ஏழுமலை, கனகவல்லி, நான். பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற மாதிரி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கனகவல்லி தோளில் துணிப்பை. அதற்குள் வட்டமாக ஏதோ புடைத்துக்கொண்டு தெரிந்தது. தட்டு. எனக்குப் புரிந்துவிட்டது, கேட்கவில்லை.

இந்த இடத்தில் பிள்ளைகளின் கேள்விக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெட்டா, வைல்டு லைஃபா என்று ஆமையைப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும், அதன்மேல் நாம் வைத்திருக்கிற பிரியத்தைப் பார்த்து இல்லை. பிரியம் நிஜமாகவே இருக்கும். அதோடு சேர்ந்து தகரத்தில் கீறலும் இருக்கும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை இல்லை என்று சொல்லாதீர்கள். வீட்டுக்குள் போனதும் மகஜர் பேப்பரை எடுக்காதீர்கள், முதலில் சுவரைப் பாருங்கள். அப்புறம் அந்த வீட்டு ஆளைப் பாருங்கள். அந்த ஜீவனைக் காட்டுக்குத் திருப்புகிற வேலையில் உங்களுக்குக் கிடைக்கப்போகிற முதல் ஆள் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.

திறந்து வைத்தோம். பௌர்ணமி புதருக்கடியிலிருந்து வெயிலுக்கு வந்தது. கொஞ்சம் புல் மேய்ந்தது. நடக்க ஆரம்பித்தது. வலையை உரசிக்கொண்டே அந்தத் திறப்பை நோக்கிப் போனது. திறப்பு வந்தது. ஒரு நிமிஷம் கூட நிற்காமல் அதைத் தாண்டி, அந்தப் பக்க வலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். வழி தேடுது என்று ஊரெல்லாம் சொன்னது நான்தானே.

மறுபடி சுற்றி வந்தது. இந்தத் தடவை திறப்பில் நின்றது. தலையை வெளியே நீட்டியது. காற்றை முகர்ந்தது மாதிரி இருந்தது. பிறகு மறுபடி தாண்டிப் போய்விட்டது. கனகவல்லியின் கை பைக்குள் போனது. இங்கிருந்து தட்டினால் போதும், அது நேரே எங்களிடம் வந்துவிடும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். டாக்டரும் பார்த்துவிட்டார். தட்டாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? கை பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது. வெறுங்கையாக வெளியே வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

ஆமை மூன்றாவது தடவையாகச் சுற்றி வந்தது. திறப்பில் நின்றது. காட்டுப் பக்கம் திரும்பியது. படிக்கல் மாதிரிக் கிடந்த ஒரு சின்னக் கல்லைத் தட்டுத்தடுமாறி ஏறி இறங்கியது. சப்பாத்திக்கள்ளிப் புதருக்கு நடுவில், எந்தச் சுவரையும் தொடாமல், நேராக நடந்து போனது. ஓட்டு மேடு இரண்டு தடவை புல்லுக்கு மேல் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

ஏழுமலை மூக்கை உறிஞ்சினார். ரேஞ்சர் என் பக்கம் குனிந்து, "கரெக்ட்தான் மேடம், வழிதான் தேடியிருக்கு" என்றார். எனக்கும் அதையே கனகவல்லியிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. திரும்பினேன். அவர் கன்னமெல்லாம் ஈரம், ஆனால் முகம் அன்று முற்றத்தில் பார்த்த மாதிரி மலர்ந்திருந்தது.

"மூணு சுத்து" என்றார். "மூணு சுத்து முடிச்சிட்டுத்தான் போச்சு. பாத்தீங்கல்ல மேடம்?"

பார்த்தேன் என்றேன்.